மூக்கில் தங்கும் மருந்து: சளிச்சவ்வில் ஒட்டும் மருந்துகளைப் பற்றி ஓர் எளிய பாடம்



மருந்தை வாய்வழி உட்கொள்வதையும் ஊசிவழி ஏற்றுவதையும் அனைவரும் அறிவர். மூக்குவழி மருந்து என்றவுடன் சளிக்கும் தும்மலுக்கும் இடும் சொட்டு மருந்தே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் இன்று ஒற்றைத் தலைவலி, வலிப்பு, சர்க்கரைத் தாழ்வு போன்ற, மூக்கோடு தொடர்பில்லாத நோய்களுக்கும் மூக்குவழியே மருந்து தரப்படுகிறது. 2022ஆம் ஆண்டில் கொரோனாத் தடுப்புக்கென நம் நாட்டிலேயே தயாரிக்கப்பட்ட மூக்குவழித் தடுப்பு மருந்துக்கு அரசின் ஒப்புதலும் கிடைத்தது. இவ்வழியில் ஒரு பெருந்தடை உள்ளது. மூக்கில் இட்ட மருந்து அங்கே நெடுநேரம் நிற்பதில்லை. அதை நிற்கச் செய்யும் முயற்சியே ‘சளிச்சவ்வில் ஒட்டும் மருந்து’ எனப்படும் ஆய்வுத் துறை. அதைப் பற்றியும், அதிலிருந்து நம் இல்லங்களுக்கு வேண்டிய செய்தியைப் பற்றியும் இப்பாடத்தில் காண்போம்.

மூக்கு ஏன் ஒரு நல்ல வாயில்?

நம் மூக்கின் உட்பகுதி வெளியே தெரிவதைவிட மிகப் பெரியது. உள்ளே மடிப்பு மடிப்பாக அமைந்த சவ்வை விரித்து அளந்தால் ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர் பரப்பு இருக்கும். அச்சவ்வின் அடியில் மெல்லிய இரத்தக் குழாய்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. எனவே அங்கே படும் மருந்து விரைவாக இரத்தத்தில் கலக்கும்.

விழுங்கிய மாத்திரையின் நிலை வேறு. அது குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. கல்லீரல் அதில் ஒரு பகுதியைச் சிதைத்த பின்னரே எஞ்சியது உடலெங்கும் பரவும். மூக்குவழி மருந்து இந்த முதற்சிதைவுக்குத் தப்புகிறது. வாந்தி எடுப்பவர்க்கும், விழுங்க இயலாதவர்க்கும், நினைவிழந்தவர்க்கும் இவ்வழி உதவுகிறது. மேலும், மூக்கின் கூரையில் உள்ள மோப்பப் பகுதியின் நரம்புகள் நேரே மூளையைத் தொடுகின்றன. மூளைக்கு மருந்து செலுத்த விரும்பும் ஆய்வாளர்கள் இப்பகுதியின்மீது கருத்தூன்றுவதற்கு அதுவே காரணம்.

இருபது நிமிடத் தடை

மூக்கின் முதற்கடமை மருந்தை ஏற்பதன்று. காற்றைத் தூய்மை செய்வதே. தறிக்கூடத்தின் பஞ்சுத் துகளும், ஆலைப் புகையும், சாலைத் தூசியும் மூச்சோடு உள்ளே புகுகின்றன. மூக்கினுள் படர்ந்துள்ள சளிப்படலம் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. அப்படலத்தின் கீழே எண்ணற்ற நுண்ணிய குற்றிழைகள் உள்ளன. அவை ஒரு நொடிக்குப் பத்து முறை அளவில் ஒரே திசையில் அசைந்து, சளியைத் தொண்டையை நோக்கி நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வேகத்தில் தள்ளுகின்றன. தொண்டையை அடைந்த சளியை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம்.

இதை அளக்க மருத்துவர்கள் ஓர் எளிய சோதனை செய்வர். சாக்கரின் என்னும் இனிப்புப் பொருளில் சிறு துகளை மூக்கினுள் வைத்துவிட்டு, தொண்டையில் இனிப்புச் சுவை எப்போது தெரிகிறது என்று பார்ப்பர். நலமுள்ளவர்க்குப் பெரும்பாலும் இருபது நிமிடத்துக்குள் சுவை தெரிந்துவிடும். குற்றிழைகளின் இயக்கம் குன்றியவர்க்கு அதைவிட நேரமாகும்.

தூசிக்கும் மருந்துக்கும் வேற்றுமை குற்றிழைகளுக்குத் தெரியாது. நீர்போன்ற மருந்தைத் தெளித்தால் அதில் ஏறத்தாழப் பாதி, கால் மணி முதல் இருபது நிமிடத்துக்குள் தொண்டைக்குச் சென்றுவிடும். விரைவாக உறிஞ்சப்படும் மருந்துக்கு இக்காலம் போதும். இன்சுலின் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்கோ, மெல்ல மெல்ல வெளிப்பட வேண்டிய மருந்துகளுக்கோ இது போதாது.

ஒட்டுதல் எவ்வாறு நிகழ்கிறது?

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை ஆகிய ஊர்களின் நெசவுக் குடும்பத்தார்க்கு இதை விளக்குவது எளிது. பாவு நூலுக்குக் கஞ்சியிடுகிறோம் அல்லவா? கஞ்சி முதலில் நூலை நனைக்கிறது. பின் இழைகளுக்கிடையே ஊறி நுழைகிறது. உலர்ந்ததும் நூலோடு ஒன்றிவிடுகிறது. கஞ்சி நீர்த்துப்போனால் நூலில் நில்லாது. மிகக் கெட்டியானால் நூல் விறைத்து அறும். பதம் என்பது இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது.

சளிச்சவ்விலும் படிகள் ஏறத்தாழ இவையே. மருந்தோடு கலந்த ஒட்டும் பொருள் ஒரு பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. அது முதலில் சளியால் நனைந்து, நீரை உறிஞ்சிப் பருக்கிறது. அடுத்து, அதன் சங்கிலிகள் சளியில் உள்ள மியூசின் என்னும் புரதச் சங்கிலிகளுக்குள் புகுந்து பின்னிக்கொள்கின்றன. இறுதியாக, இரண்டுக்குமிடையே வலுக்குறைந்த பிணைப்புகள் பல தோன்றுகின்றன. ஒவ்வொரு பிணைப்பும் எளிதில் அறுவது. எண்ணிக்கையில் மிகுவதால் அவை சேர்ந்து மருந்தை நிறுத்துகின்றன. நிற்கும் காலம் முழுவதும் மருந்து சிறிது சிறிதாக வெளிப்பட்டுச் சவ்வைக் கடக்கிறது.

ஆயினும் கஞ்சிக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. நூல் அப்படியே நிற்கும். சளியோ இடைவிடாது புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கும். மருந்து ஒட்டிய சளியே நகர்ந்து செல்வதால், எந்த ஒட்டும் மருந்தும் மூக்கில் நிலையாகத் தங்கிவிடாது. ஆய்வாளர்கள் நாடுவது சில மணி நேரத் தங்குதலையே.

ஒட்டும் பொருள்கள் எவை?

இவற்றுள் பல நமக்கு அயலானவை அல்ல. இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டில் கைட்டின் என்னும் பொருள் உள்ளது. அதைப் பக்குவப்படுத்திக் கைட்டோசான் எடுக்கின்றனர். நம் மாவட்டத்துப் பழவேற்காடு ஏரியில் பிடிபடும் இறாலின் ஓட்டிலும் இருப்பது இதே கைட்டின்தான். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கும் முறைகளை உருவாக்கியுள்ளது. கைட்டோசான் நேர்மின்னூட்டம் உடையது; சளியோ எதிர்மின்னூட்டம் உடையது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. அத்துடன் சவ்வின் அணுக்களுக்கிடையே உள்ள இறுக்கமான இணைப்புகளைக் கைட்டோசான் சற்று நேரம் தளர்த்தவும் செய்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் லிஸ்பெத் இல்லம் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், கைட்டோசானோடு சேர்த்து மூக்கில் இட்ட இன்சுலின் எலியிலும் செம்மறியாட்டிலும் மிகுதியாக உறிஞ்சப்பட்டதைக் காட்டினர்.

புளியங்கொட்டை மாவு நெசவுத் தொழிலில் கஞ்சிக்குப் பயன்பட்டு வருவது. அதிலிருந்து எடுக்கப்படும் பசைப்பொருள் கண் சொட்டு மருந்துகளில் இடம்பெறுகிறது. மூக்குவழி மருந்துக்கும் ஆராயப்படுகிறது. மரநாரிலிருந்து பெறும் செல்லுலோஸ் வகைகள், கார்போபால், பாலிகார்போபில் ஆகிய செயற்கைப் பாலிமர்கள் ஆகியனவும் இவ்வரிசையில் அடங்கும். ஜப்பானில் நாகாய் என்னும் பேராசிரியரின் குழுவினர் 1984இலேயே இன்சுலினைச் செல்லுலோசும் கார்போபாலும் கலந்த பொடியாக நாய்களின் மூக்கில் இட்டு ஆராய்ந்தனர்.

ஒவ்வாமைக்காகத் தாங்கள் பயன்படுத்தும் மூக்குத் தெளிப்பான்கள் சிலவற்றிலும் செல்லுலோஸ் உண்டு. அதனால்தான் அவற்றை நன்கு குலுக்கிய பின் தெளிக்கச் சொல்கிறோம். குலுக்கும்போது திரவம் இளகித் துளிகளாகப் பிரிகிறது. மூக்கினுள் சென்று அசைவற்றதும் மீண்டும் தடித்து வழியாமல் நிற்கிறது.

வலிப்புக்காக ஒரு வதோதரா ஆய்வு

இத்துறையில் நம் நாட்டில் நடந்த ஆய்வொன்றைச் சற்று விரிவாகக் காண்போம். குஜராத்தின் வதோதரா நகரிலுள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அம்பிகாநந்தன் மிஸ்ராவின் குழுவினர், தில்லியிலுள்ள அணு மருத்துவ ஆய்வு நிறுவனத்தாரோடு இணைந்து 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வலிப்புக்குரிய குளோனசெபம் என்னும் மருந்தை விரைவாக மூளைக்குச் செலுத்துவதே அவர்தம் நோக்கம்.

எண்ணெயும் நீரும் மிக நுண்ணிய துளிகளாகக் கலந்த நுண்பால்மமாக அம்மருந்தை அவர்கள் ஆக்கினர். அதன் ஒரு பகுதியோடு ஒட்டும் பொருளையும் சேர்த்தனர். மருந்தில் சிறிதளவு கதிரியக்க அடையாளம் இட்டு, எலிகளின் மூளையிலும் இரத்தத்திலும் அது எவ்வளவு சேர்ந்தது என்று அளந்தனர். அரை மணி நேரத்தின் முடிவில், இரத்தத்தில் இருந்த அளவோடு ஒப்பிட மூளையில் இருந்த அளவு, ஊசிவழி கொடுத்தபோது 0.13, மூக்கில் வெறுங்கரைசலாக இட்டபோது 0.48, நுண்பால்மமாக இட்டபோது 0.50, ஒட்டும் நுண்பால்மமாக இட்டபோது 0.67.

இவ்வெண்களிலிருந்து இரண்டு செய்திகள் பெறலாம். பெரும் முன்னேற்றம் மூக்குவழியைத் தேர்ந்ததனாலேயே வந்தது. ஒட்டும் தன்மை அதற்குமேல் மேலும் ஒரு படி சேர்த்தது. ஆயினும் எலியின் மூக்கில் மோப்பப் பகுதி பெரும்பங்கு வகிக்கிறது. மனிதரிடம் அது மிகச் சிறு பகுதியே. எனவே எலியில் கண்ட பயன் அப்படியே மனிதரிடம் கிட்டும் என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவில் நினைவிழப்பு நோயினர்க்கு மூக்குவழி இன்சுலினை ஓராண்டு கொடுத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. அதன் முதன்மைக் கணக்கில் எதிர்பார்த்த பயன் காணப்படவில்லை. விலங்கில் நம்பிக்கை அளித்தவை அனைத்தும் நோயாளியிடம் நிறைவேறுவதில்லை என்பதற்கு இது சான்று.

இன்று கையில் உள்ள மருந்து

அவ்வாறெனில் வலிப்பு நோயாளியின் குடும்பத்தார் ஆய்வு முடியும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. மிடசோலம் என்னும் மருந்து மூக்குத் தெளிப்பானாக இன்று நம் நாட்டு மருந்துக் கடைகளில் மருத்துவர் சீட்டின்பேரில் கிடைக்கிறது. இது ஒட்டும் மருந்தன்று. விரைவாக உறிஞ்சப்படுவதால், சளி அதை அகற்றுமுன் வேண்டிய பணியை முடித்துவிடுகிறது. நீண்ட நேரம் தங்குதல் ஒரு நோய்க்கு வேண்டும். உடனே கடத்தல் மற்றொரு நோய்க்கு வேண்டும். வலிப்பை நிறுத்துவதில் விரைவே முதன்மை.

தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் மருத்துவர்கள் 46 குழந்தைகளுக்கு நேர்ந்த 188 வலிப்புகளில், மூக்குவழி மிடசோலத்தையும் ஆசனவழி டயசெபத்தையும் ஒப்பிட்டு 2006இல் முடிவை வெளியிட்டனர். மிடசோலம் கொடுத்தவர்களிடம் வலிப்பு விரைவில் அடங்கியது. ஆடை களைய வேண்டியதில்லை, ஊசி தேட வேண்டியதில்லை என்பதால் கொடுக்கும் நேரமும் குறைந்தது.

நம் பகுதியில் இதன் பொருள் பெரிது. வலிப்பு ஐந்து நிமிடத்தைக் கடந்தால் அது தானாக அடங்கும் வாய்ப்புக் குறைகிறது; மூளைக்குத் தீங்கு நேரும் வாய்ப்புக் கூடுகிறது. ஆர்.கே.பேட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து சோளிங்கருக்கோ திருத்தணிக்கோ திருவள்ளூருக்கோ செல்லும் நேரத்தைக் கணக்கிட்டால், அந்த ஐந்தாம் நிமிடத்தில் நோயாளியின் அருகே இருப்பவர் தாயோ தந்தையோ ஆசிரியரோதான். எனவே தங்கள் வீட்டில் வலிப்பு நோயாளி இருப்பின், இத்தெளிப்பான் அவர்க்குத் தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். எடைக்கேற்ப எத்தனை தெளிப்பு என்பதை எழுதி வாங்கி, பெட்டியின்மேலேயே ஒட்டி வையுங்கள்.

உருவாக்குவோர் எதிர்கொள்ளும் இடர்கள்

ஒட்டும் மருந்து சந்தைக்கு வருவதில் ஏன் இவ்வளவு காலத்தாழ்வு என்று சிலர் வினவக்கூடும். காரணங்கள் பல. மூக்கின் ஒரு துளை ஏற்கும் அளவு மிகக் குறைவு, ஏறத்தாழ 0.1 மில்லி லிட்டர். அதற்குமேல் ஊற்றினால் வழிந்துவிடும். முழு அளவு மருந்தும் அச்சிறு துளியில் அடங்க வேண்டும். துளிகள் மிக நுண்ணியவையாக இருந்தால் நுரையீரலுக்குச் சென்றுவிடும். ஆகவே அவை 10 மைக்ரானைவிடப் பெரியனவாக இருத்தல் வேண்டும். மருந்தின் அமிலத்தன்மை மூக்கின் இயல்புக்கு இயைந்ததாக இல்லாவிடில் எரிச்சல் உண்டாகும். மிகுதியாக ஒட்டினால் குற்றிழைகள் இயங்காமல் மூக்கடைப்பும் கிருமித் தொற்றும் நேரலாம். ஒட்டும் வலிமையை ஆய்வகத்தில் ஆட்டின் மூக்குச் சவ்வில் வைத்து அளந்த பின்னரும், குற்றிழைகளுக்குக் கேடில்லை என்பதைத் தனியே மெய்ப்பிக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலும் ஓர் இடர். போலாக்சமர் என்னும் பொருள் கலந்த மருந்து, குளிர்ந்த நிலையில் திரவமாகவும், மூக்கின் வெப்பமாகிய 32 முதல் 34 பாகை செல்சியசில் கூழாகவும் ஆகுமாறு அமைக்கப்படுகிறது. குளிர்நாட்டில் இது அருமையான ஏற்பாடு. சித்திரை, வைகாசியில் 40 பாகையைத் தொடும் திருவள்ளூர் மாவட்டத்தில் அம்மருந்து புட்டியிலேயே கூழாகிவிடும். குளிரவைத்தால்தான் மீண்டும் இளகும். இதனால் வெப்பத்தை நம்பாமல், மூக்கு நீரில் உள்ள உப்புகளைத் தொட்டவுடன் கூழாகும் ஜெல்லன் பசை போன்றவற்றையும் ஆய்வாளர்கள் நாடுகின்றனர்.

இல்லத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

மருந்தை மூக்கில் தங்கச் செய்வதில் பயன்படுத்துவோர்க்கும் பங்குண்டு. நாள்தோறும் தெளிப்பான் பயன்படுத்துவோர் கீழ்க்காண்பவற்றைக் கருத்தில் கொள்க.

1. முதலில் மூக்கை மெல்லச் சிந்தித் தூய்மை செய்க. சளி அடைத்திருந்தால் மருந்து சவ்வைத் தொடாது.
2. புட்டியைக் குலுக்குக. புதிய புட்டியாயின், உறையில் கூறியவாறு காற்றில் சில முறை தெளித்துப் பார்த்த பின் பயன்படுத்துக.
3. தலையைப் பின்னால் சாய்க்காமல் சற்று முன்னே குனிக. சாய்த்தால் மருந்து நேரே தொண்டைக்குச் செல்லும்.
4. வலத் துளைக்கு இடக்கையாலும், இடத் துளைக்கு வலக்கையாலும் பிடித்து, நுனியை மூக்கின் நடுச்சுவரை நோக்காமல் வெளிப்புறமாகத் திருப்பித் தெளிக்க. நடுச்சுவரில் படப்பட இரத்தக்கசிவு உண்டாகலாம்.
5. தெளிக்கையில் மெல்ல மூச்சிழுத்தால் போதும். வலிந்து உறிஞ்சினால் மருந்து மூக்கைக் கடந்துவிடும்.
6. தெளித்தபின் கால் மணி நேரம் மூக்கைச் சிந்தாதிருத்தல் நன்று.
7. ஒருவர் புட்டியை மற்றொருவர் பயன்படுத்தலாகாது.

வலிப்பின்போது முறை வேறு. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்க. மருத்துவர் குறித்த அளவில் பாதியை ஒரு துளையிலும் மறுபாதியை மற்றொரு துளையிலும் தெளிக்க. வாயில் நீரோ கரண்டியோ வைக்காதீர். கையில் இரும்பும் சாவியும் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. மூச்சைக் கவனித்துக்கொண்டே 108 எண்ணை அழையுங்கள். முதன்முறையாக வலிப்பு வந்தவராயினும், மருந்துக்குப் பின்னும் அடங்காவிடினும், மூச்சுத் தளர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வருதல் வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்

கடையில் தாமாகவே வாங்கி இடும் மூக்கடைப்புச் சொட்டு மருந்துகளை ஐந்து நாட்களுக்குமேல் தொடராதீர்கள். அவை பழகிவிட்டால், நிறுத்தியவுடன் மூக்கு முன்னிலும் மிகுதியாக அடைக்கும்.

இரண்டாவது எச்சரிக்கை கைக்குழந்தைகளைப் பற்றியது. குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் உள்ளது. ‘எண்ணெயும் ஒட்டித் தங்கத்தானே செய்கிறது?’ என்று பெரியோர் கேட்கலாம். மேலே கூறிய ஒட்டும் பொருள்கள் நீரில் பருத்துச் சளியோடு கலந்து அகல்வன. எண்ணெய் அவ்வாறு அகல்வதில்லை. அது இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கி, எளிதில் தீராத நுரையீரல் அழற்சியை உண்டாக்கவல்லது. சித்த மருத்துவத்தில் நசியம் என்னும் முறை உண்டு; அது தகுதிபெற்ற மருத்துவர் ஆள் அறிந்து, அளவறிந்து செய்வது. அதைக் கைக்குழந்தைக்கு வீட்டில் செய்யும் எண்ணெய்ச் சொட்டோடு ஒப்பிடலாகாது. பாட்டிமார்க்கு இதை மனம் நோகாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

நிறைவாக

மூக்குவழி மருந்தின் பயன், அது அங்கே தங்கும் நேரத்தையும் சவ்வைக் கடக்கும் விரைவையும் பொறுத்தது. தங்கும் நேரத்தை நீட்டிக்க இறால் ஓட்டிலிருந்தும் புளியங்கொட்டையிலிருந்தும் பெற்ற பொருள்களைக் கொண்டு ஆய்வாளர்கள் முயன்று வருகின்றனர். அம்மருந்துகள் நாளை தங்கள் கைக்கு வரும்போது, அவற்றில் கலந்துள்ள பொருளையும் கேட்டறிதல் நன்று. இறால் ஒவ்வாமை உள்ளோர் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். தற்போது தாங்கள் தெளிப்பான் பயன்படுத்துபவராயின், அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அதை உடன் கொண்டுவாருங்கள். மருந்தாளுநர் முன்னிலையில் ஒருமுறை தெளித்துக் காட்டினால், கோணமும் அளவும் சரியாக உள்ளனவா என்பதை அவர் பார்த்துச் சொல்வார். வலிப்பு நோயாளி உள்ள வீட்டில், தெளிப்பானைக் கையாளும் முறையைத் தாய் தந்தையர் மட்டுமன்றிப் பள்ளி ஆசிரியரும் அண்டை வீட்டாரும் அறிந்திருத்தல் நலம்.